பதினாலாவது ஷரத்து

பேங்க் பேர்ல வந்த போலிப் பக்கத்துல நம்பர அடிச்சு என் மாமியார் பென்ஷன மொத்தமா பறிகொடுத்தாங்க. அந்தக் கோவத்துல என் புருஷன் தாலாய் உக்காந்து எழுதின புரோகிராம்தான் தோபோத். எங்க கிர்கிஸ்ல கிடை காக்கிற நாய்க்கு அதான் பேரு. பிரவுசர்ல சேத்துக்கிட்டா போதும், போலிப் பக்கம் வந்தா சிவப்பா குரைக்கும். சும்மாதான் குடுத்தார். ஓஷ், பிஷ்கெக்னு நாப்பதாயிரம் பேர் சேத்துக்கிட்டாங்க. புகழுக்குக் குறைச்சல் இல்ல, அடுப்பு எரியணுமே.

இவருக்கு இருந்த வேலையும் போச்சு. நான் ஏழு மாச வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கிறேன், இவர் ரஷ்யாவுல, நோவோசிபிர்ஸ்க்ல கட்டட வேலைக்கு டிக்கெட் பாக்குறார். அப்பத்தான் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தோபோத்த விலைக்குக் கேட்டுச்சு. மூணு வருஷத்துக்கு இவர் எங்கயும் போக வேணாம்ங்கிற அளவு பணம். நான் அன்னிக்கே தொட்டிலுக்கு இடம் பாத்துட்டேன்.

ஒப்பந்தம் வந்துச்சு. நான் வக்கீல் ஆபீஸ்ல பத்திரம் படிக்கிறவ, என் கண்ணு சும்மா இருக்குமா. பதினாலாவது ஷரத்துல நின்னுட்டேன். தோபோத் கை மாறினத யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. ஜனங்க ஏற்கெனவே குடுத்த அனுமதி அப்படியே வாங்கினவனுக்குப் போகும்.

"என்ன அனுமதி அது?"ன்னு கேட்டேன்.

"திறக்கிற பக்கம் எல்லாத்தையும் படிக்கிறது, மாத்துறது." டீயப் பாத்துக்கிட்டே சொன்னார். "அது இல்லாம போலிய எப்படிக் கண்டுபிடிக்க?"

"அப்ப பாஸ்வேர்டு?"

"பாக்கலாம். நான் பாக்க மாட்டேன்."

"அவன்?"

இவர் கப்பக் கழுவ எழுந்து போனார்.

எங்க வக்கீலக் கேட்டேன். "இந்தா பாரு பெரிசாத், சட்டப்படி ஓட்டை இல்ல. அவங்கவங்க ஒத்துக்கிட்டுதானே சேத்தாங்க"ன்னார். நல்ல சட்டம்.

வீட்டுக்கு வந்தா கதவோரத்துல ஒரு ஆணி. கோடைக்கு மலை மேய்ச்சலுக்குப் போன அக்கம்பக்கத்தவங்க எங்கிட்ட விட்டுட்டுப் போன சாவி ஒன்பது அதுல தொங்குது. எதுத்த வீட்டு சபீரா அக்கா, "அலமாரியக்கூடப் பூட்டல"ன்னு சிரிச்சிட்டுப் போனாங்க. அவங்க கம்ப்யூட்டர்லயும் தோபோத் இருக்கு. போட்டுக் குடுத்ததே நான்தான்.

பாழாப்போன அந்த ஷரத்தப் படிக்காமலே இருந்திருக்கலாம்.

"நீ சொன்னா கையெழுத்துப் போடுறேன்"னார் இவர். "உன்னவிட எனக்கு நாப்பதாயிரம் பேர் பெருசில்ல."

எனக்கு அழுகையா வந்துச்சு. "போட்டீங்க, கைய ஒடிச்சிருவேன்."

"அப்ப நோவோசிபிர்ஸ்க்தான்."

"தெரியும். பெரிய யோக்கியரக் கட்டிக்கிட்டேன், அனுபவிக்கிறேன்."

"யோக்கியம் உன்னுதுடி. நான் பேனாவையே எடுத்துட்டேன்." சிரிச்சுக்கிட்டே என் வயித்துல கை வெச்சார். உள்ளயிருந்து ஒரு உதை. "பாரு, இதுவும் உன் கட்சி."

கிளம்புற அன்னிக்கு எங்க ஊர் வழக்கப்படி ரொட்டிய நீட்டினேன். ஒரு கடி கடிச்சிட்டு மீதிய என் கையில குடுத்தார். திரும்பி வந்து அவரேதான் அதத் தின்னு முடிக்கணும், அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது. துணியில முடிஞ்சு, அந்த ஆணியிலயே சாவிங்களோட மாட்டினேன்.

குளிர் தொடங்கினதும் மலையிலிருந்து ஒவ்வொருத்தரா இறங்கினாங்க. கடைசியா சபீரா அக்கா வந்தாங்க. என் கையில இருந்த பச்சப்பிள்ளையக் கொஞ்சிட்டு, "எல்லாம் பத்திரமா இருக்கா?"ன்னு எப்பவும்போலக் கேட்டாங்க.

"இருக்குக்கா. உங்களுது இந்தாங்க"ன்னு சாவிய எடுத்துக் குடுத்தேன்.

இப்ப ஆணியில ரொட்டி மட்டும்தான் இருக்கு.