தூணைத் தொடாத தரை

இருசப்பனுக்கு வலது தோள்பட்டை கழன்று விழுந்துவிடும்போல் இருந்தது. விடிந்ததிலிருந்து குப்புறக் கிடந்து உளியால் கொத்திக்கொண்டிருந்தான். தப்பு அவனுடையதுதான்.

திருவண்ணாமலைப் பள்ளிக்கூடம் ஒன்றில், கூரை திறக்கும் அறை. வெள்ளைக்காரன் காலத்துப் பித்தளைத் தொலைநோக்கியை வைக்க, தனிக் குழி வெட்டி இருசப்பன் நட்ட கருங்கல் தூண். தூணுக்கும் தரைக்கும் நடுவே சுற்றிலும் இரண்டு அங்குல இடைவெளி. தரை போட்டவன் மறந்துவிட்டான் என்று நினைத்து முந்தாநாள் சிமெண்டு அடைத்து வழவழவென்று பூசிவிட்டான்.

“அது வேணும்னே விட்ட எடம்டா!” அறிவியல் ஆசிரியர் சக்கரபாணி தலையில் அடித்துக்கொண்டார். “தரையில எவன் நடந்தாலும் தூண் அதிரும். தூண் அதிர்ந்தா சூரியனும் ஆடும்.”

இன்று 1980 பிப்ரவரி பதினாறு. இரண்டரை மணிக்குக் கிரகணம். அதற்குள் அடைத்ததை எடுக்காவிட்டால் இந்த ஊரில் இனி அவனை எவன் கல் நடக் கூப்பிடுவான்?

கூட்டாளி கருப்பன் சில்லுகளை அள்ளினான். “ஊரே கதவ சாத்திக்கினு உள்ள குந்தப் போவுது. நாம ஓட்டைய நோண்டினு கெடக்கறோம். ஜாஸ்தி அழகு பாத்த இல்ல, அனுபவி!”

டீயோடு வந்த சக்கரபாணிக்குக் கோபம் தணிந்திருந்தது. “மெட்ராஸ்ல வானம் பாக்கறதுக்குக் கும்பினிக்காரன் ஒரு தூண் நட்டான். பதினஞ்சடி, ஒரே கல்லு. எரநூறு வருஷம் ஆவப்போவுது, இன்னும் நிக்குது. அங்க பாத்துச் சொன்ன மணிக்குத்தான் ரயிலே ஓடிச்சு.”

“நட்டவன் பேரு இருக்குதுங்களா?”

“தொரை பேரு இருக்குது. தமிழ்லயும் வெட்டியிருக்கு.”

“வெட்டினவன் பேரு?”

“இல்ல.”

இருசப்பன் உளியை நிறுத்தினான். “கிரேன் இல்லாம பதினஞ்சடி நிமுத்தியிருக்கான். ஆளுடா கருப்பா அவன்!”

இரண்டு மணிக்குக் கடைசிச் சில்லு வந்தது. இரண்டரை தாண்டியதும் தொலைநோக்கி வெள்ளைத்தாளில் சூரியனைத் தட்டளவு விழச்செய்தது. ஓரத்தில் ஒரு கடி. இருசப்பன் தரையில் ஓங்கி மிதித்தான். கருப்பன் குதித்தே பார்த்தான். சூரியனின் விளிம்பு மயிரளவும் அசையவில்லை.

“ஒன் வேலைதான்டா இது!” என்றார் சக்கரபாணி.

“சார், தூண்ல என் பேர வெட்டிக்கட்டுங்களா? எனக்கு எழுதத் தெரியாது. நீங்க சாக்பீஸ்ல எழுதிக் குடுங்க, அது மேலயே வெட்டிடுவேன்.”

“திங்கக்கிழமை எழுதறேன்.”

திங்கட்கிழமை சக்கரபாணிக்கு மாற்றல் உத்தரவு வந்தது. கீழ்பென்னாத்தூர்தான், பஸ் ஏறினால் வந்துவிடலாம். ஆறு வருஷம் ஆகிறது. தூண் ஆடவில்லை. சக்கரபாணி சார் இருசப்பனுக்கு ஆறெழுத்து பாக்கி.