கப்பலோடு போன லொரெட்டா

அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள பிரெமர்டன் கப்பல் பட்டறையில் லொரெட்டா பாதி ஆயுளைக் கழித்திருந்தாள். கடற்படைக் கப்பல்களின் பம்புகளைப் பிரித்துப் பூட்டுவது அவள் வேலை. ஆனால் எந்தக் கப்பலிலும் ஏறிக் கரையைத் தாண்டிப் போனதில்லை. கடல் என்றாலே அவளுக்குப் பயம்.

அந்த வாரம் ஒரு போர்க்கப்பல் திடீரென்று கிளம்ப வேண்டியதாயிற்று. கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரமோ இன்னும் பிரித்தபடியே கிடந்தது.

"யாராவது கூடவே வந்து முடிச்சுக் கொடுக்கணும் மேடம்," என்றான் இயந்திர அறைப் பொறுப்பாளன் ஹார்ப்பர். "உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. நீங்க படையில இல்லையே."

"பிரிச்சுப் போட்டது நான். வேற எவன் வந்து பூட்டுவான்?" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்து வந்தாள்.

நிலம் மறைந்ததுமே குமட்டல் தொடங்கியது. கையில் ஸ்பேனரும் காலிடுக்கில் வாளியுமாக உட்கார்ந்து வேலை பார்த்தாள்.

"கப்பலை விட நீங்கதான் அதிகமா ஆடுறீங்க," என்று ஹார்ப்பர் கேலி செய்தான்.

"சிரிக்காம விளக்கை நேராப் பிடி தம்பி."

ஹவாய் கண்ணில் படுவதற்கு முன்பே இயந்திரம் ஓடத் தொடங்கியது. அன்று மாலை, குளிக்கக்கூட விடாமல் வைத்திருந்த தண்ணீர்க் கட்டுப்பாடு நீங்கியது. ஈரத் தலையோடு, சோப்பு மணக்கச் சாப்பிட வந்த மாலுமிகள் நெருங்கி உட்கார்ந்து லொரெட்டாவுக்கு இடம் கொடுத்தார்கள். கிளம்பியதிலிருந்து அப்போதுதான் அவளுக்குப் பசித்தது.

"இன்னும் கொஞ்சம் வைப்பா," என்று சமையல்காரனிடம் தட்டை நீட்டினாள்.