மூன்றாம் பக்கத்தில் மாறிய மனசு

பாதுகாப்பு வாரக் கட்டுரைப் போட்டிக்குத் தலைப்பு 'கையுறையே கவசம்'. பட்டறையில் டிரில்லிங் மிஷின் ஓட்டுகிற அக்கா நாலு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தாள். மறுநாளே நிர்வாக அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார்.

"நல்லாத்தான்மா எழுதியிருக்கே. முதல் பரிசு உனக்குத்தான், கம்பெனி மலர்ல போட்டோவோட வரும். மூணாம் பக்கத்தை மட்டும் எடுத்துடு."

முதல் இரண்டு பக்கமும் கையுறையின் புகழ்தான். மூன்றாம் பக்கம் எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து மிஷின்காரியின் கை ஞாபகம் வந்துவிட்டது. சுற்றுகிற துளைக்கம்பி கையுறை நுனியைக் கவ்வியது. துணியோடு விரலும் போனது. வெறுங்கையென்றால் தோல் கிழிந்ததோடு போயிருக்கும். அப்படியானால் கையுறை கைக்கா, ஆய்வுக்கு வருகிறவர் கண்ணுக்கா என்று எழுதிவிட்டாள். விளிம்பு கூரான தகடு தூக்க அது இல்லாமலும் முடியாதே என்று நாலாம் பக்கத்தில் குழம்பி, அப்படியே நிறுத்தியிருந்தாள்.

"முன்னுரையில ஒண்ணு சொல்லிட்டு நடுவுல பல்டி அடிச்சா அது கட்டுரையாம்மா? முடிவுரையும் காணோம்."

"யோசிச்சேன் சார், மாறிடுச்சு. மாறாம இருக்க அதென்ன சுவத்துல எழுதின வாசகமா?"

"தெரிஞ்சதை எழுதறதுதான் கட்டுரை."

"தெரிஞ்சதை நீங்களே போர்டு போட்டு வச்சிருக்கீங்களே. பூசி மெழுக நான் எதுக்கு?"

அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். அவள் தாள்களின் மேல் கையை வைத்தாள். எண்ணெய் ஏறிக் கறுத்த கை; நகராது என்று அவருக்கே தெரிந்தது.

"பரிசு போயிடும்."

"போகட்டும் சார். வெட்டிட்டுப் போட்டா அது நான் எழுதினது இல்ல."

சாப்பாட்டு மணி அடித்ததும் உணவுக்கூடத்து பெஞ்சில் ஏறி நின்று வாசித்தாள். கையுறைப் புகழைக் கேட்டு, "என்னக்கா, நீயும் ஆபீஸ் பக்கம் சாஞ்சிட்டியா?" என்று ஒருவன் நக்கலடித்தான். மூன்றாம் பக்கம் வந்தபோது தட்டுச் சத்தம் நின்றது.

லேத் ஓட்டுகிறவர் எழுந்தார். "தப்பும்மா. வெறுங்கையா இருந்தாலும் போயிருக்கும். சுத்துற கம்பியில கை படாம இருக்கிற மறைப்புத் தகட்டைக் கழட்டி வச்சோமே, அதை ஏன் விட்டுட்டே?"

அவளுக்குச் சுருக்கென்றது. வேகம் குறையக் கூடாதென்று எல்லா மிஷினிலும் கழற்றியிருந்தார்கள், அவளும்தான். எழுதினால் வேலைக்கே உலை.

"நல்லாக் கேட்டீங்கண்ணே" என்று புதுத் தாள் எடுத்தாள். எழுத எழுதச் சத்தமாகப் படித்தாள்: "கழற்றியது நாங்கள். கழற்றச் சொன்னது..."

அதிகாரி வாசலில் வந்து நின்றார். அவள் அவர் பெயரையும் எழுதினாள்.