போன வருடத்து வாசகம்

1

“அப்போ குடுக்க வேணாம்னுதானே அர்த்தம்?”

“அப்படி நேரா எடுத்துக்கக் கூடாதுங்க சகாயம்மா.”

“நேரா எடுத்துக்காம கோணலாவா எடுத்துக்கறது? கேட்டாங்க, இல்லைன்னுட்டாங்க. இல்லைன்னவங்களத்தான ஏசு புத்திசாலிங்கறாரு.”

இந்தக் கதை இங்கிருந்துதான் வந்தது. என் கற்பனை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அன்று நான் மூலையில் உட்கார்ந்து சுண்டலுக்குக் காத்திருந்தேன், அவ்வளவே. கேட்டவள் சகாயமேரி. பதில் சொல்லத் திணறியவர் கூட்டத்தை நடத்தும் எங்கள் உபதேசியார் சவுரியப்பன். இடம் கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர், சகாயமேரி வீட்டு முன்னறை. வியாழக்கிழமை அன்பியக் கூட்டம்.

(அன்பியம்: பக்கத்துப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடுவது. வரும் ஞாயிறு பூசையில் படிக்கப்போகும் நற்செய்தியை முன்கூட்டியே படித்து, அது தன் வாழ்க்கைக்கு என்ன சொல்கிறது என்று ஆளுக்கு ஒரு வார்த்தை பேசுவார்கள். வீட்டுக்குப் போகும்போது பெரும்பாலும் சுண்டல்தான் நினைவிருக்கும். சகாயமேரிக்கு மட்டும் அப்படி இல்லை.)

அன்று படித்தது பத்துப் பெண்களின் கதை. விளக்கேந்தி மணமகனுக்காகக் காத்திருக்கிறார்கள். ஐந்து பேரிடம் மட்டும் கூடுதல் எண்ணெய் இருக்கிறது. மற்றவர்கள் கேட்கிறார்கள். தர மாட்டோம், கடைக்குப் போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள் இவர்கள். போனவர்கள் திரும்புவதற்குள் மணமகன் வந்துவிட, கதவு சாத்தப்படுகிறது.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: “பனி பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் அந்த இளம் விதவை தன் கம்பளிச் சால்வையை—”

அடித்துவிட்டேன். மொழிபெயர்ப்பு நாவல்களாகவே படித்து வளர்ந்ததில், விதவை என்று எழுதினாலே என் கை சால்வை போர்த்திவிடுகிறது. எங்கள் ஊரில் பனி பெய்யாது. அந்த ஐப்பசியில் மழையும் பெய்யவில்லை.

அடுத்தது: “சகாயமேரியின் கிணற்றடியில்—” கிணறு தூர்ந்து நெடுங்காலம் ஆகிறது. இருப்பது ஆழ்துளைப் போர்.

ஆகவே தகவலாகவே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு அரை ஏக்கர் காடு. அதில் சாமந்தி, கிறிஸ்துமஸ் விற்பனைக்காக மொட்டு விட்டு நிற்கிறது. அந்தப் பூவை நம்பித்தான் மகள் ஓசூரில் நர்சிங் படிக்கிறாள். போரில் தண்ணீர் விட்டு விட்டு வருகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் நஞ்சப்பனின் தக்காளி. அவர் போர் காற்றைத்தான் துப்புகிறது. இன்னும் ரெண்டு தண்ணி பாய்ந்தால் தக்காளி தேறிவிடும். அந்த ரெண்டு தண்ணியைத்தான் கேட்டார். கொடுத்தால் தன் போரும் நின்றுவிடலாம் என்று அவளுக்குப் பயம்.

வியாழக்கிழமை கூட்டத்தில் கேட்டுவிட்டுச் சொல்வதாக அவரிடம் சொன்னாள்.

(சாக்கு என்று நினைக்க வேண்டாம். அவள் எல்லாவற்றையும் அப்படித்தான் முடிவு செய்வாள். மகளை ஓசூருக்கு அனுப்பியதே, சீடர்களை இரண்டிரண்டு பேராக ஊர் ஊராக அனுப்பிய பகுதி வந்த வாரத்தில்தான். கூடத் துணைக்கு ஒரு தோழியையும் தேடிப் பிடித்து அனுப்பினாள், இரண்டு பேர் கணக்குக்காக.)

3

வெள்ளிக்கிழமை காலையிலேயே வேலியோரம் போய் நஞ்சப்பனிடம், தர வேண்டாம் என்று வந்துவிட்டதாகச் சொன்னாள்.

இங்கே நஞ்சப்பன் மீது எனக்குச் சந்தேகம். “உங்க சாமியே சொல்லிட்டா நான் என்னங்கக்கா சொல்றது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். காய்கிற தக்காளியை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இவ்வளவு லேசாகப் போவாரா? கொஞ்சம் கோபம் சேர்த்துப் பார்த்தேன்: “நஞ்சப்பன் வேலிக்கம்பைப் பிடுங்கி—” பொருந்தவில்லை. கண்ணீர் சேர்த்தேன், அது இன்னும் மோசம். சகாயமேரி சொன்னபடியே விட்டுவிட்டேன். அவர் போன பிறகு வெகுநேரம் மொட்டு கிள்ளிக்கொண்டிருந்தாளாம். கிள்ள வேண்டாத செடியிலும் கிள்ளிவிட்டாளாம்.

4

ஞாயிறு பூசையில் சாமியார் படித்தது வேறு கதை.

கோயில் காணிக்கைப் பெட்டியில் பணக்காரர்கள் நிறையப் போடுகிறார்கள். ஏழைக் கைம்பெண் ஒருத்தி வந்து இரண்டு சிறிய காசு போடுகிறாள். அவளிடம் இருந்ததே அவ்வளவுதான். எல்லோரையும்விட அதிகம் போட்டது அவளே என்கிறார் இயேசு.

நான் திரும்பிப் பார்த்தேன். சகாயமேரி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவளும் கைம்பெண், அவள் காட்டிலும் ஏறக்குறைய ரெண்டு தண்ணிதான் இருந்தது. நான் எழுதியிருந்தால் இந்தப் பொருத்தத்தை மிகை என்று அடித்திருப்பேன்.

நடந்தது இதுதான். ஞாயிறு வாசகங்கள் மூன்று வருடத்துக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு வருடமும் அதே வாரத்துக்கு வேறு வேறு பகுதி. உபதேசியார் வாசகங்களை நகலெடுத்துப் பையில் வைத்திருப்பார். வியாழனன்று கையில் வந்தது போன வருடத்துத் தாள். வாரம் சரி, வருடம்தான் தவறு. வேறு எந்த வீட்டிலும் இதனால் ஒன்றும் ஆகியிருக்காது.

5

பூசை முடிந்ததும் அவள் சவுரியப்பனைக் கோயில் வாசலிலேயே நிறுத்தினாள். அவர் மழுப்பவில்லை. “தாள் மாறிப்போச்சுங்க சகாயம்மா. மன்னிச்சுக்கங்க. ஆனா ரெண்டும் அவர் சொன்னதுதானுங்களே.”

“அதாங்க உபதேசியாரே பிரச்சினை” என்றாள். “உங்களுக்குத் தாள் மாறிப்போச்சு. அங்க ஒரு காடு காயுது.”

நான் நடுவில் புகுந்து, இவை நேரான கட்டளைகள் அல்ல, எண்ணெய் என்பது தண்ணீர் அல்ல, அது விழிப்பு என்றேன். எங்கோ படித்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஒன்றும் விளங்காத குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“விழிப்பு இருக்கட்டும் கண்ணு. அந்தம்மா ரெண்டு காசையும் போட்டுட்டாங்களே, அப்பறம் வூட்டுக்குப் போயி என்னத்த ஆக்குனாங்களாம்?”

உபதேசியார் பையைத் திறந்து தாள்களை அடுக்க ஆரம்பித்தார்.

6

அன்று மதியம் சுவிசேஷத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பெண் வீட்டுக்குப் போனதே அதில் இல்லை. மற்றவற்றையும் பார்த்தேன். ஊதாரித் தம்பிக்கு விருந்து நடக்கிறது. கோபித்துக்கொண்டு வெளியே நிற்கும் அண்ணன் கடைசியில் உள்ளே போனானா, தெரியாது. வழியில் அடிபட்டுக் கிடந்தவன் கண் விழித்ததும் தன்னைத் தூக்கிவந்த அந்நியனைத் தேடினானா, அதுவும் தெரியாது. அந்தக் கதைகளை முதலில் கேட்டவர்களுக்கும் காடும் கடனும் பக்கத்து வேலியும் இருந்திருக்கும். மீதியை அவர்கள் போய்த்தான் முடித்திருக்க வேண்டும்.

இதைச் சகாயமேரியிடம் சொன்னேன். ஏசு வழி சொல்வார் என்று கேட்டால் பாதியில் இறக்கிவிடுகிறாரே என்றாள். பிறகு, நான் இதையெல்லாம் எழுதுகிறேனா என்று விசாரித்தாள். ஆமாம் என்றேன், பெயரை மாற்றிவிடட்டுமா என்றும் கேட்டேன். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை எதற்கு மாற்ற வேண்டும் என்றாள். “நீ பாதியில வுட்றாத” என்றாள்.

7

பாதியில் விடாமல் இருக்க எழுதிப் பார்த்தவை:

அ. சகாயமேரி தண்ணீர் விடுகிறாள். போர் முன்னைவிட அதிகமாக ஊறுகிறது. (நம்ப ஆசைதான். மகளின் ஓசூர்ச் செலவை நினைத்தால் நம்ப முடியவில்லை.)

ஆ. தண்ணீர் விடுகிறாள். போர் நின்றுவிடுகிறது. சாமந்தியும் காய்கிறது, தக்காளியும் காய்கிறது. வேலியின் இரு பக்கமும் இருவர் நிற்க— (இதை எழுதும்போது எனக்குக் கம்பளிச் சால்வை வந்துவிட்டது.)

இ. விடவில்லை. பூ நன்றாகப் போகிறது. அடுத்த வியாழக்கிழமை அவள் கூட்டத்துக்கு வரவில்லை.

ஈ. மழை. (அடித்துவிட்டேன். என் பேனாவில் பெய்து யாருக்கு என்ன பயன்?)

இவற்றில் உங்களுக்கு எது சரி என்று தோன்றுகிறதோ அதன் பக்கத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். போடும்முன், அரை ஏக்கர் உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

8

திங்கள் காலை. ஐந்தாவதாக ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன்: “சகாயமேரி மோட்டார் பெட்டியின் கதவைத் திறந்து—” இதற்கு மேல் நகரவில்லை. கைபேசி அடிக்கிறது, சகாயமேரி.

வாசகம் மாறிப்போன சேதி வேலி தாண்டிவிட்டதாம். இந்த வாரம் என்ன கதை என்று நஞ்சப்பன் விடிந்ததுமே சிரித்துக்கொண்டு கேட்டாராம். இப்போது சிரிக்கவில்லையாம். அவள் குரல் அடங்கியிருக்கிறது, பக்கத்தில் ஆள் இருக்கும்போது பேசுகிற குரல்.

“கண்ணு, த்ரீ பேஸ் கரண்டு வர்ற நேரம். மோட்டாருகிட்ட நிக்கிறேன். அவரு ஓஸ் பைப்பத் தூக்கிட்டு வந்து வேலியோரம் நிக்கறாரு. நீ எழுதுனதுல நான் என்ன பண்றேன்? அத மட்டும் படிச்சுக் காட்டு, கரண்டு வர்றதுக்குள்ள.”