கில்லேதார் பொன்னியம்மா

காட்டுப்பாக்கத்துக் கோட்டை தன் தலைவரை விட்டு ஒரு ராத்திரிகூடப் பிரிந்து இருந்ததில்லை. தலைவர் வெளியூரில் படுத்துத் தூங்கிவிட்டால், விடிவதற்குள் நாலு கொத்தளம், வாசற்கதவு, அகழித் தண்ணீர் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு கிளம்பி, அவர் படுத்திருந்த இடத்தை உள்ளே வைத்துப் போய் நின்றுவிடும். சந்திரகிரி ராஜா அனுப்பிய முதல் தலைவர் தங்கை கல்யாணத்துக்குத் திருமழிசை போனபோதுதான் இது தெரிந்தது. முகூர்த்தம் பந்தலில் குறித்திருந்தார்கள், கோட்டைக்குள் நடந்தது. வழியில் நசுங்கிய கேழ்வரகுக் கொல்லைகளுக்காக ராஜா வருத்தம் தெரிவித்து, தலைவர் கோட்டைக்குள்தான் படுக்க வேண்டும் என்று நியமன ஓலையில் ஒரு வரி சேர்த்தார். பிறகு கோல்கொண்டாக்காரர்கள் வந்து அந்தப் பதவிக்குக் கில்லேதார் என்று பெயர் வைத்தார்கள். நவாப் காலத்துக் கில்லேதார் ஒருவர் எதிரிகளிடம் பிடிபட்டு அவர்கள் பாசறையிலேயே தூங்கிப்போனார். காலையில் எதிரிப்படை முழுவதும் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தது, கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சியது. கும்பெனி காலத்தில் கடைசியாக இருந்த கேப்டன் காய்ச்சல் கண்டு கப்பலேறினார். கோட்டை கடற்கரை மணலில் மூன்று நாள் நின்று பார்த்துவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தது. கும்பெனி அந்தப் பதவியை ஒழித்துவிட்டதாக எழுதி வைத்துக்கொண்டது. கோட்டைக்கு அதெல்லாம் தெரியாது. உள்ளே யார் முதலில் படுத்துத் தூங்குகிறார்களோ அவர்தான் அதற்குத் தலைவர். அதனாலேயே நாற்பது வருஷம் அந்தப் பக்கம் ஒருவரும் கண்ணயரவில்லை.

மேனாம்பேட்டுப் பொன்னியம்மாவுக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. அவள் கூலிக்கு நடவு நடுகிறவள். ரயில் பாதை போட்டு ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. காட்டுப்பாக்கத்தில் ஒரு சாவுக்குப் போய்விட்டு, சித்திரை வெயிலில் திரும்பும்போது கோட்டை வாசலுக்குள் நிழல் கண்டாள், முந்தானையை விரித்துப் படுத்தாள், இரண்டு நாழிகை குறட்டை விட்டாள். மறுநாள் காலை அவளும் அவள் புருஷன் முனியனும் கண்விழித்தபோது அவர்கள் குடிசை கோட்டைக்குள் இருந்தது. பூந்தமல்லிச் சாலையைத் தாண்டி, ரயில் தண்டவாளத்தைத் தாண்டி வந்த கோட்டை தண்டவாளத்தின் மேல் ஒரு செங்கல்லைக்கூட உதிர்க்கவில்லை. ஆனால் பெரிய நிலக்காரரான ஜம்புலிங்கத்தின் நாற்றங்காலில் பாதி, அகழிக்குள் போயிருந்தது.

ஜம்புலிங்கம் வந்து கத்தினார். "அடியே, இத்த யாரக் கேட்டு இங்க கொணாந்தே?"

"நான் எங்க கொணாந்தேன், ஆண்டே? அதுவா வந்துகீது" என்றாள் பொன்னியம்மா.

அவர் சொன்னபடி மறுபடி காட்டுப்பாக்கம் போய்ப் படுத்துப் பார்த்தாள். கோட்டை மரியாதையாகக் கூடவே போனது. பிழைப்புக்கு அவள் ஊர் திரும்பித் தூங்கியதும் அதுவும் திரும்பியது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் குதிரையில் வந்து சுற்றிப் பார்த்து, அப்படி ஒரு பதவியே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பதவி இல்லாவிட்டாலும் கூரை இருந்தது, அது ஒழுகவில்லை. பொன்னியம்மா பக்கத்துக் குடிசைக்காரர்கள் நாலு குடும்பத்தை உள்ளே கூப்பிட்டு வைத்துக்கொண்டாள். கூலிக்காரர்கள் கொத்தளத்தில் துணி உலர்த்துவதை ஜம்புலிங்கத்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கோட்டையில் இருக்கிற யாருக்கும் தன் நிலத்தில் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார். ஆடி, ஆவணி, புரட்டாசி மூன்று மாதமும் அவர்கள் அகழியில் மீன் பிடித்தும் கீரை பறித்தும் காலம் தள்ளினார்கள். முனியன், குடிசைக்கே போய்விடலாம், ஊரோடு எதற்குப் பகை என்றான். பொன்னியம்மா அசையவில்லை. அது தன்னைத் தேடி வந்திருக்கிறது, தான் எதற்குத் துரத்த வேண்டும் என்பது அவள் எண்ணம்.

ஐப்பசியில் ஒன்பது நாள் விடாமல் மழை பெய்தது. பத்தாம் நாள் உச்சிப்பொழுதில் அம்பத்தூர் ஏரிக்கரை ஒரு மாட்டுவண்டி நுழையும் அகலத்துக்கு உடைந்தது. மண்மூட்டை போட்டார்கள், பனைமரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். தண்ணீர் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய், உடைப்பை இன்னும் அகலமாக்கியது. கீழே ஆறு கிராமம் இருந்தது. ஜம்புலிங்கம் குடை இல்லாமல் கோட்டை வாசலுக்கு ஓடி வந்து நின்றார்.

"பொன்னி, நீ வந்து அங்க படுக்கணும்" என்றார்.

முனியன் குறுக்கே விழுந்தான். "கரையோட அவளும் பூட்டா? கோட்டை பகல்ல வருமா வராதா, ஆருக்குத் தெரியும்?" அவன் கேட்டது நியாயம். அதுவரை கோட்டை வெளிச்சத்தில் நடந்ததாகத் தகவல் இல்லை. பொன்னியம்மாவுக்கும் அது தெரியாது. ஆனால் கீழே இருந்த ஆறு கிராமத்தில் அவள் அக்காவின் ஊரும் ஒன்று. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள்.

உடைப்பின் ஓரத்தில், காலடியில் மண் கரைந்துகொண்டிருந்த இடத்தில் அவள் ஒருக்களித்துப் படுத்தாள். முனியன் அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் முகத்தில் மழை விழாமல் ஜம்புலிங்கம் ஒரு ஓலைத்தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊரே சுற்றி நின்று அவளைப் பார்த்தது. அவள் கண்ணைத் திறந்தாள்.

"அல்லாரும் அந்தாண்ட திரும்புங்க. மூஞ்சியவே பாத்துகினு கீறீங்க, தூக்கம் எப்டி வரும்?"

ஆறு கிராமத்து ஜனமும் ஏரிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றது. விடிகாலையில் எழுந்து பொழுது சாயும்வரை குனிந்து நட்ட உடம்புக்கு எங்கே படுத்தாலும் தூக்கம் வரும். பொன்னியம்மா நாற்றை நினைத்துக்கொண்டாள், வரிசை வரிசையாக, முடிவில்லாத நாற்று. இருபதாவது வரிசைக்குள் அவள் குறட்டை கேட்டது. அடுத்து மேனாம்பேட்டிலிருந்து தரை அதிரும் சத்தம் கேட்டது. கோட்டை பட்டப்பகலில், மழையில் நனைந்துகொண்டே, யாரையும் இடிக்காமல் வந்து சேர்ந்தது. உள்ளே நெல் குத்திக்கொண்டிருந்த பக்கத்துக் குடிசை எல்லம்மா உலக்கையைக் கீழே வைக்கவில்லை. கோட்டை ஒரு முறை குனிந்து பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள், அதற்குச் சாட்சி இல்லை. பிறகு இரண்டு கொத்தளத்தைக் கரையின் இரண்டு பக்கமும் ஊன்றி, உடைப்பில் பொருந்தி உட்கார்ந்தது. பொன்னியம்மா எழுந்தபோது கோட்டைக்குள் காய்ந்த தரையில் கிடந்தாள். முனியன் இன்னும் கணுக்காலை விடவில்லை. ஓலைத்தட்டியோடு உள்ளே மாட்டிக்கொண்ட ஜம்புலிங்கம் அதைக் கீழே வைக்கலாமா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவள் வேறெங்கும் தூங்க முடியாது. தூங்கினால் கோட்டை கிளம்பிவிடும், ஏரி திறந்துவிடும். ஆவடியில் அம்மா வீட்டுக்குப் போனால் பொழுது சாய்வதற்குள் திரும்பினாள். அம்மா சாகக் கிடந்தபோது அவளைக் கட்டிலோடு தூக்கிவந்து கோட்டையில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். கரையில் கோட்டை வாசல்தான் இப்போது மதகு. அந்தக் கதவு அவள் கைக்கு மட்டுமே திறந்தது, ஆகவே தண்ணீர் அவள் சொன்ன வரிசையில் போனது: முதலில் கடைமடையில் கூலிக்காரர்களின் துண்டு நிலம், அதற்கு அப்புறம் மற்றவர்கள். முதல் வருஷம் பெரிய நிலக்காரர்கள் முணுமுணுத்தார்கள். இரண்டாம் வருஷம் எல்லார் நிலமும் விளைந்ததைப் பார்த்து அதையும் விட்டார்கள்.

மூன்றாம் வருஷம் தை மாதம் ஒரு காலை, பால் கட்டும் பருவத்தில் பயிர் வாடுகிறது என்று ஜம்புலிங்கம் வந்து வாசலில் நின்று, "கில்லேதாரம்மா, கொஞ்சம் தண்ணி உடணும்" என்று குரல் கொடுத்தார்.

"இரு நைனா, கூழு குடிச்சிகினு கீறேன், வரேன்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கரையில் உட்கார்ந்து காத்திருந்தார்.