ஒரே தட்டுப் பிரியாணி

விழுப்புரத்தில் மத நல்லிணக்கத்துக்கு விழா எடுக்க மூன்று பேர் போதும். மார்க்கெட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அமீர் பாட்சா, பனமலைப் பக்கத்து விவசாயி பச்சைமுத்து, ரிட்டையர் ஆன அமலா டீச்சர். எந்தச் சங்கம் விழா எடுத்தாலும் இந்த மூவரையும் மேடையில் ஏற்றி உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தி, கையில் ஒரு புறாவைக் கொடுத்துவிடுவார்கள். வருடக்கணக்காக இதே கூத்து. புறாவுக்கே சலித்திருக்கும், மனுஷருக்குச் சலிக்காதா?

அமீர் பாட்சாவுக்குச் சலித்துத்தான் போயிருந்தது. அதிலும் இது நோன்பு மாதம். மாசி வெயிலில் தொண்டை வறண்டு கிடந்தது. கடையில் தொப்பி போட்டு உட்காரும் வழக்கம் அவருக்கு இல்லை. இந்தத் தடவை விழா எடுக்கும் நற்பணி மன்றத்துக் கோகுலகிருஷ்ணன் போன் போட்டு, "பாய், தொப்பி இல்லாம வந்துடாதீங்க, அப்புறம் போட்டோவுல யாரு என்னான்னு தெரியாது" என்று ஞாபகப்படுத்தியிருந்தான். அதேபோல் பச்சைமுத்து நெற்றியில் பட்டை அடித்து வர வேண்டும், டீச்சரின் சிலுவை புடவைக்கு மேலே தெரிய வேண்டும். ஆண்கள் இருவருக்கும் முழுக்கை வெள்ளைச் சட்டையை மன்றமே கொடுத்துவிட்டது.

உடம்பு முடியவில்லை என்று ஒதுங்கியிருப்பார். பள்ளிவாசல் ஜமாத்தார் விடவில்லை. அடக்கம் செய்யும் கபர்ஸ்தானுக்குப் போகும் பாதை பள்ளம். போன மழையில் அமீர் பாட்சாவின் தம்பி உடலை இடுப்பளவு தண்ணீரில்தான் தூக்கிப்போனார்கள். தண்ணீர் படாமல் சந்தூக்குப் பெட்டியைத் தலைக்கு மேலே பிடித்து, தூக்கியவர்களுக்குக் கை விட்டுப்போயிற்று. விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வரும் கட்சித் தலைவர் மனசு வைத்தால் அந்தப் பாதை மேடாகும். "அவரு எது கேட்டாலும் மாட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்று ஜமாத்தில் கெஞ்சாத குறையாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

விழாவின் கடைசி அயிட்டம், பொழுது சாய்ந்ததும் மூவரும் ஒரே தட்டில் பிரியாணி சாப்பிட்டு நோன்பு திறப்பது. ஆனால் வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே கோகுலகிருஷ்ணன் தட்டோடு மேடையேறிவிட்டான்.

"பாய், தலைவருக்குத் திண்டிவனத்துல ஒரு ரிசப்ஷன் இருக்குது. போட்டோவ ஜல்தியா முடிச்சிடலாம்."

"இன்னும் பாங்கு சொல்லலியே தம்பி."

"போட்டோவுல பாங்கு கேக்குமா பாய்? சும்மா வாயில வச்சிக்கினா போதும், முழுங்கக்கூட வேணாம்."

விருந்தினர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அமீர் பாட்சாவைப் பார்த்துச் சிரித்தார். மைக்கில் எவனோ, "அமீர் பாய் வீட்டுப் பிரியாணி! நம்ம எல்லார் வீட்டுப் பிரியாணி!" என்று கத்தினான். பிரியாணி ஓட்டலில் வாங்கியது. பாய் வீட்டில் அவர் மனைவி சபியா பீவி காய்ச்சி வைத்திருந்தது கஞ்சி.

அமீர் பாட்சா தட்டில் கை வைத்தார். வயசான காலத்தில் ஒரு நோன்பு கெட்டால் பின்னால் பிடித்துக்கொள்ளலாம், பாதை கெட்டால் யார் போட்டுத் தருவார்கள் என்று மனசு கணக்குப் போட்டது. அதைவிட, முடியாது என்று சொல்ல அவருக்குத் தெம்பு இல்லை. இத்தனை வருடம் தலையாட்டிய கழுத்து, வேறு பக்கம் திரும்ப மாட்டேன் என்றது.

அப்போதுதான் பச்சைமுத்துவின் கையும் தட்டுக்கு வந்தது. கை நீண்டதில் சட்டைக்கை மேலே ஏறி, மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு கட்டிய கயிறு தெரிந்தது. காப்பு! அவர்கள் ஊர் மாரியம்மனுக்குத் தீமிதிக்கக் காப்புக் கட்டியிருக்கிற மனுஷன். தீ மிதித்துக் காப்பு அவிழ்க்கும்வரை கவிச்சி தொடக்கூடாது. அந்தப் பக்கம் அமலா டீச்சர், கஷாயம் குடிக்கப் போகிறவர் போலக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒரு துண்டு கறியை எடுத்துவிட்டார். தவக்காலம், அதுவும் வெள்ளிக்கிழமை. இந்த நாளில் கறி வாசனை வந்தாலே டீச்சர் எழுந்து போய்விடுவார் என்பது அமீர் பாட்சாவுக்குத் தெரியும்.

தன் நோன்புக்கு வராத கோபம் அடுத்தவர் விரதத்துக்கு வந்தது. பச்சைமுத்துவின் மணிக்கட்டை வெடுக்கென்று பிடித்துக்கொண்டார்.

"காப்பக் கட்டிக்கினு இதத் தொடலாமா பச்சைமுத்து?"

"உங்க வூட்டு சோறுன்னாங்களே பாய். வேணாம்னு சொன்னா உங்க மனசு என்னாவும்?"

"இது என் வூட்டு சோறு இல்ல. நானே நோன்புல இருக்கறேன். டீச்சர், கைய எடுங்க!"

மைக் எட்டத்தில் இருந்ததால் இது ஒன்றும் கீழே கேட்கவில்லை. கீழே தெரிந்ததெல்லாம், தொப்பி போட்டவர் பட்டை போட்டவரின் கையை முறுக்குவதும், தட்டு கவிழ்ந்து சோறு சிதறுவதும்தான். "அடிச்சிக்கிறாங்கடா" என்று செல்போன்கள் உயர்ந்தன. விருந்தினர் முகம் சுண்டிப்போய் எழுந்தார். அவருடைய கார் கிளம்பியபோது கபர்ஸ்தான் பாதையும் கூடவே ஏறிப் போய்விட்டது.

கோகுலகிருஷ்ணன் தலையில் அடித்துக்கொண்டான். "பேஜாரு பண்ணிட்டீங்களே பாய். உங்க மூணு பேருக்கும் ஆவாதுன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம். அடுத்த வருசம் ஒத்துமையா இருக்கறவங்களாப் பாத்துக் கூப்புட்டுக்கறோம்."

மூவரும் போய் மேடைப்படியில் உட்கார்ந்தார்கள். விளக்கிச் சொல்லவும் ஒரு தெம்பு வேண்டுமல்லவா?

பந்தல்காரன் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினான். மூவரும் படியை விட்டு எழுந்திருக்கவில்லை. பள்ளிவாசலில் பாங்கு ஒலித்ததும் டீச்சர் தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். அமீர் பாட்சா துஆ ஓதி ஒரு மிடறு குடித்தார். அந்தத் தண்ணீர் நெஞ்சுவரை இறங்குவது தெரிந்தது.

"பாதை என்னாவும் பாய்?" என்று பச்சைமுத்து மெல்லக் கேட்டார்.

"இனிமே எங்க வரப்போவுது? அடுத்த மழைக்கும் அதே தண்ணிதான். யாரு முறையோ. என் முறையாக்கூட இருக்கும்."

பச்சைமுத்து காப்புக் கயிற்றைச் சட்டைக்கைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டார்.

"உங்க முறையா இருந்தாலும் எனக்குச் சொல்லியனுப்பச் சொல்லிடுங்க. ஒரு பக்கம் தோள் குடுக்க நான் வர்றேன்."

அமீர் பாட்சாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு தொழுகைக்கு எழுந்தார்.