எங்களைச் சுட்டவன்

டாய்ல் டாக்கெட் செத்த மூன்றாவது வாரம் அவன் வீட்டுக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். ஜெர்மன்காரன் சுட்டான், குண்டு நெஞ்சில் பட்டது, வலி தெரியாமல் போய்விட்டான் என்று எழுதினேன். வேறு மாதிரி எழுதியிருந்தால் தணிக்கை அதிகாரி கிழித்துப் போட்டிருப்பார். ஆனால் போர் முடிந்து, தணிக்கையும் ஒழிந்து, மேற்கொண்டு பத்து வருஷம் நான் அதைத் திருத்தவில்லை.

நடந்தது வேறு. 1943 ஜூலை. சிசிலித் தீவில் எங்கள் அமெரிக்கப் படை கரையிறங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. அதற்குக் கைகொடுக்க எங்களை இரவில் விமானத்திலிருந்து குதிக்க அனுப்பினார்கள். எங்கள் விமானத்தில் பதினாறு பேர். கதவருகே லெப்டினென்ட். வரிசையில் கடைசி ஆள் டாய்ல். யாராவது தயங்கினால் பின்னாலிருந்து தள்ளிவிடுவது அவன் வேலை. அவனுக்கு முன்னால் நான். எனக்கு முன்னால் கார்மைன் ஸ்குய்லாச்சே.

கீழே கடல் முழுக்க எங்கள் கப்பல்கள். நிலா வெளிச்சத்தில் அவற்றைப் பார்த்து எங்களில் ஒருவன் கையசைக்கக்கூடச் செய்தான். அப்போது ஏதோ ஒரு கப்பலிலிருந்து சிவப்புக் கோடாகக் குண்டுகள் மேலே வந்தன. ஒன்று தொடங்கியதும் மற்றதெல்லாம் சேர்ந்துகொண்டது.

விமானத்தின் தரையைத் துளைத்துக்கொண்டு குண்டு வந்தது. எனக்கு எதிரே இருந்த இருவர் உட்கார்ந்தபடியே செத்தார்கள். லெப்டினென்ட் எங்கள் பக்கம் திரும்பி ஏதோ சொல்லப் பார்த்தார். அவருக்குக் கீழ்த்தாடை இல்லை. இடது எஞ்சின் பற்றிக்கொண்டது. தரையில் ரத்தம் ஓடி, நிற்க முயன்றவர்கள் வழுக்கி ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். கார்மைனின் இடது கை முழங்கைக்குக் கீழே சட்டைத் துணியில் மட்டும் தொங்கியது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். டாய்ல் துப்பாக்கி வாரை அவிழ்த்து அந்தக் கையை இறுக்கிக் கட்டினான். கார்மைனின் பாராசூட்டை இழுத்துத் திறக்கும் வாரை மேலே ஓடிய கம்பியில் மாட்டி, கழுத்தைப் பிடித்து வெளியே எறிந்தான். அதன் பிறகு என்னை.

குடை விரிந்தது. எங்கள் விமானம் கொஞ்ச தூரம் எரிந்துகொண்டே போய்க் கடலில் விழுந்தது. எனக்கு மேலே டாய்ல் தொங்கிக்கொண்டு கத்தினான்: “நம்ம ஆளுங்கடா. சுடாதீங்கடா, நம்ம ஆளுங்க.” ஒரு சிவப்புக் கோடு என்னைத் தாண்டி மேலே போனது. அவன் குரல் பாதியில் நின்றது.

மணல் மேட்டில் எனக்கு அறுபது அடி தள்ளி விழுந்தான். இடுப்பிலிருந்து விலா வரை வயிறு திறந்திருந்தது. சரிந்ததை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தான். மணலும் சேர்ந்து அவன் கைக்குள் போயிருந்தது. நாற்பது நிமிஷம் உயிரோடு இருந்தான்.

போருக்குப் பிறகு நான் யங்ஸ்டவுனில் எஃகு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் படைப்பிரிவில் மிஞ்சியவர்களின் முகவரி எல்லாம் என்னிடம் இருந்தன. வருஷத்துக்கு நாலு முறை ஒரு தாள் தட்டச்சடித்து, சைக்ளோஸ்டைல் எடுத்து அனுப்புவேன். யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருக்கு வேலை போனது, யார் வீட்டில் சாவு என்பதுதான் அதில் இருக்கும். செத்தவர்களின் குடும்பங்களுக்கும் அனுப்புவேன். மேற்கு வர்ஜினியாவிலிருந்து டாய்லின் தங்கை ஓப்பல் கிறிஸ்துமஸ் தோறும் ஒரு வாழ்த்து அட்டை போடுவாள்.

1955-இல் எங்கள் கப்பல்களே எங்கள் விமானங்களைச் சுட்ட அந்த இரவைப் பற்றி ஒரு பத்திரிகை எழுதியது. ஓப்பலிடமிருந்து நாலு நாளில் கடிதம் வந்தது. “எங்க அண்ணன் போன விமானமும் இதுல ஒண்ணா? உண்மையைச் சொல்லுங்க, எமில்.” அவ்வளவுதான் எழுதியிருந்தாள். ஆமாம் என்று பதில் போட்டேன். தேதி, நேரம், இடம், யார் சுட்டது எல்லாம் எழுதினேன். அவன் எப்படிச் செத்தான் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

அதற்கு ஆறு வருஷம் கழித்து, 1961 ஆகஸ்டில், வருஷா வருஷம் போல எங்கள் ஊர் ஸ்லோவாக் சங்கக் கூடத்தில் ஒன்றுகூடினோம். முப்பது பேருக்கு மேல் மனைவி மக்களோடு வந்திருந்தார்கள். நீண்ட மேசைகளில் உருளைக்கிழங்கு வைத்த பிரோகிக் கொழுக்கட்டை, சாசேஜ், பீப்பாயில் பீர். எல்லோருக்கும் நாற்பதை ஒட்டிய வயது. இன்னும் உடம்பில் வலு இருந்தது. ஓப்பல் முதல் முறையாக வந்தாள். அவள் கணவன் வெர்லின் ஸ்டாம்பர் கூட வந்தான். மரம் அறுக்கும் மில்லில் வேலை. உயரமான, அதிகம் பேசாத ஆள்.

கார்மைனுக்கு இடது கையில் அப்போது இரும்புக் கொக்கி. அதில் ஒரு சாசேஜைக் குத்தி எடுத்துக்கொண்டு வெர்லினிடம் வந்தான்.

“என்னப்பா, கப்பப்படையில இருந்தியாமே? ஓப்பல் சொன்னா. சூடா சோறு, தூங்கக் கட்டிலு. போருக்குப் போனியா, மாமியார் வீட்டுக்குப் போனியா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெர்லின் சிரிக்கவில்லை.

“கோச்சுக்காத. உன்னச் சொல்லல,” என்றான் கார்மைன். “நீ பசிபிக்ல இருந்தவன். எனக்கு அன்னிக்கி சிசிலியில ஜெலா கரையில நின்ன கப்பல்காரன் ஒருத்தன் வேணும். ஒரே ஒருத்தன் போதும். பதினெட்டு வருஷமா இந்தக் கொக்கிய அவனுக்காகத்தான் கூராக்கி வச்சிருக்கேன்.”

ஒவ்வொரு வருஷமும் அவன் சொல்வதுதான். வெர்லின் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தான்.

“பசிபிக்குக்கு அப்புறந்தான் போனேன்,” என்றான். “அன்னிக்கி நான் ஜெலாவுலதான் இருந்தேன். இருபது மில்லிமீட்டர் துப்பாக்கி. நாலு டிரம் குண்டு காலி பண்ணேன்.”

கார்மைன் அவனை உற்றுப் பார்த்தான். “வெளாடாத.”

“வெளாடல.”

கொக்கி வெர்லினின் முகத்தில் புருவத்துக்குக் கீழே இறங்கியது. கார்மைன் இழுத்ததும் முகத்தோடு சேர்த்து ஆளே முன்னால் சரிந்தான். மேசை கவிழ்ந்தது. வெர்லின் கையைத் தூக்கித் தடுக்கவே இல்லை. ஆறேழு பேர் மேலே பாய்ந்தார்கள். ஒருவன் நாற்காலியால் முதுகில் அடித்தான். இன்னொருவன் தலைமுடியைப் பிடித்துத் தரையில் மோதினான். விலக்கிவிடத்தான் நான் போனேன் என்று என் மனைவியிடம் பிறகு சொன்னேன். அது பொய். நான் இரண்டு முறை உதைத்தேன். இரண்டாவது உதையில் அவன் விலா எலும்பு முறிந்தது என் பூட்ஸ் வழியாகத் தெரிந்தது. அந்தக் கணம் எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

“போதும்,” என்றாள் ஓப்பல். கத்தவில்லை. “தள்ளுங்க. நான் கேக்க வேண்டியது இருக்கு.”

எங்களைத் தோளால் இடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். நாங்கள் விலகினோம். வெர்லின் எழுந்து உட்கார முயன்றான். அவன் வலது கண் இருந்த இடத்தில் ரத்தம் மட்டுமே தெரிந்தது.

“என்னக் கட்டும்போதே தெரியுமா?” என்று கேட்டாள்.

“தெரியாது. உங்க அண்ணன ஜெர்மன்காரன் சுட்டான்னுதான நீ சொன்ன.”

“எப்பத் தெரிஞ்சுது?”

“எமில் கடுதாசி வந்தப்ப. அடுப்படியில வச்சு எனக்கே படிச்சுக் காட்டுன. தேதியப் படிச்ச. நேரத்தப் படிச்ச.”

“ஆறு வருஷம்.”

“ஆமா.”

“எதுக்குச் சுட்ட?”

அவன் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினான். “அன்னிக்கிப் பூராவும் ஜெர்மன் விமானம் குண்டு போட்டுச்சு. மதியம் பக்கத்துக் கப்பல் ஒண்ணு வெடிச்சுது. எனக்கு டிரம் மாட்டிக் குடுத்துட்டிருந்த பையன், சிதறி வந்த தகடு அவன் தலைய எடுத்துட்டுப் போச்சு. சாயங்காலம் வரைக்கும் அவன் ரத்தத்துலயே நின்னு சுட்டேன். எனக்கு அப்பப் பத்தொம்போது வயசு. ராத்திரி மறுபடியும் விமானம் தாழ்வா வந்துச்சு. யாரோ ஆரம்பிச்சான். நானும் சுட்டேன்.”

“விமானத்தத்தான சுட்ட?”

இதற்கு அவன் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாங்கள் யாரும் மறுத்திருக்க முடியாது.

“மொதல்ல விமானத்த,” என்றான். “அப்புறம் குடை விரிஞ்சுது. ஜெர்மன்காரன் எறங்குறான்னு நெனச்சேன். குடையப் பாத்துக் குறி வச்சேன், ஓப்பல்.”

கார்மைன் மறுபடியும் பாய்ந்தான். இந்த முறை அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்து நிறுத்தினேன். கொக்கி என் காதைக் கிழித்தது. அதற்குள் ஓப்பல் குனிந்து, கையை முஷ்டியாக மடக்கி, வெர்லினின் முகத்தில் குத்தினாள். உடைந்த முகம் என்று பார்க்கவில்லை. மறுபடியும் குத்தினாள். பிறகு தான் போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றிச் சுருட்டி, அவன் கண்ணில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“காரை எடுங்க, எமில்,” என்றாள்.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் ஒருவர் வந்து விசாரித்தார். படியில் விழுந்தேன் என்று வெர்லின் சொன்னான். போலீஸ்காரர் என் கிழிந்த காதைப் பார்த்தார். “நீங்களும் அதே படியா?” என்றார். ஆமாம் என்றேன். அவர் நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார்.

கண்ணை எடுக்க வேண்டியதாகிவிட்டது. உள்ளே அறுவை நடந்துகொண்டிருந்தபோது ஓப்பல் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன.

“அவரு ஆறு வருஷம் மறைச்சாரு. நீங்க பன்னண்டு வருஷம்,” என்றாள். “இன்னும் மிச்சம் வச்சிருக்கீங்க. எங்க அண்ணன் உடனே சாகல, இல்ல?”

நாற்பது நிமிஷம் என்றேன். வயிற்றைப் பற்றிச் சொன்னேன். மணலைப் பற்றியும் சொன்னேன்.

“என்ன பேசுனாரு?”

“தண்ணி கேட்டான். வயித்துல அடி, குடுக்கக் கூடாதுன்னு நான் குடுக்கல. அப்புறம், யாருடா நம்மளச் சுட்டதுன்னு கேட்டான். ஜெர்மன்காரன்னு சொன்னேன். எல்லாரும் எறங்கிட்டாங்களான்னான். எல்லாரும் எறங்கிட்டாங்கன்னேன்.”

“நம்புனாரா?”

“நம்புனான்.”

“தண்ணி குடுத்திருக்கலாம்,” என்றாள்.

அந்தக் குளிர்காலம் முழுதும் ஓப்பல் தன் அம்மா வீட்டில் இருந்தாள். மார்ச்சில் கணவனிடம் திரும்பிப் போனாள். ஏன் போனாள் என்று அவளும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் எங்கள் ஒன்றுகூடலுக்குப் பேருந்தில் தனியாக வந்து போனாள்.

வெர்லின் போலீஸிடம் சொன்னதைக் கார்மைனிடம் சொன்னேன். “அதுக்கு நான் என்ன பண்ணணும்? மாலை போடணுமா?” என்றான். இரண்டு வருஷம் அவன் எங்கள் பக்கமே வரவில்லை. தாள் அனுப்பினாலும் பதில் இல்லை.

பிறகு ஒருநாள் வெர்லினின் முகவரி கேட்டு ஒரு அட்டை போட்டிருந்தான். எதற்கு என்று கேட்டேன். “கீழேருந்து பாத்தா எப்படி இருந்துச்சுன்னு தெரியணும். மேலேருந்து பாத்தது மட்டுந்தான் எனக்குத் தெரியும்,” என்று எழுதினான். முகவரியைக் கொடுக்கலாமா என்று ஓப்பலிடம் கேட்டுவிட்டுக் கொடுத்தேன்.

இருவரும் இருபது வருஷம் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள். ஒருமுறைகூட நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. என்ன எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. 1983-இல் கார்மைன் ஈரல் கெட்டுச் செத்தபோது, அவன் மனைவி ரொசாலியா எனக்கு ஃபோன் செய்து, சவப்பெட்டி தூக்க ஆறு பேர் சொல்லு என்றாள். என்னையும் சேர்த்து ஐந்து பேர் பெயர் சொன்னேன்.

“ஆறாவது ஆள நானே கூப்பிட்டுட்டேன்,” என்றாள்.

வெர்லின் கறுப்புக் கோட்டில், கண்ணுக்கு மேல் தோல்பட்டையோடு தேவாலயத்துக்கு வந்தான். நரைத்திருந்தான். பெட்டியின் பின்பக்கம், என் எதிரே நின்று கைப்பிடியைப் பிடித்தான். எங்கள் ஆட்களில் இருவர் தங்கள் கைப்பிடியை விட்டுவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். நான் அவர்களைத் திரும்பக் கூப்பிடவில்லை. அந்த இரண்டு இடத்தில் ரொசாலியாவின் தம்பிமார் வந்து நின்றார்கள். பெட்டியைத் தூக்கினோம்.